அழும் இடமும் அடிபட்ட இடமும்: லினக்ஸ் மேசைக்கணினியின் மாயக் கோளாறுகள் குறித்த ஓர் ஆய்வு

கணினிக் கோளாறுகள் நேர்மையானவை, நேர்மையற்றவை என இருவகைப்படும். பவர் பட்டனை அழுத்தியதும் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 'டப்' என்று ஓர் ஓசை, பின்னாலேயே கருகல் வாடை, பிறகு மௌனம் என்றால் அது நேர்மையான கோளாறு. குற்றவாளி யார், உத்தேசச் செலவு என்ன என்பதையெல்லாம் அது முதல் நொடியிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறது. இதில் ஆராய ஒன்றுமில்லை. பர்ஸை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டியதுதான். ஆகவே இவ்வகைக் கோளாறுகள் இவ்வாய்வின் எல்லைக்குள் வாரா.

எஞ்சியவை மாயக் கோளாறுகள். மாயக் கோளாறு சொல்லிக்கொண்டு வராது. பழுதுபார்ப்பவர் எதிரில் நின்றால் வரவே வராது. ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். சரியாகிவிட்டது என்று வீட்டில் அறிவித்த பிறகே திரும்பும். திரை உறைதல், மவுஸ் தடுமாறுதல், கோப்பு கெடுதல், தானே அணைந்து தானே எழுதல் ஆகியவை இதன் மெய்ப்பாடுகள்.

ஆய்வுக்களமாக லினக்ஸ் மேசைக்கணினி தேர்ந்துகொள்ளப்பட்டதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் வைத்திருப்பவருக்குத் திரை உறைந்தால் விண்டோஸை ஒரு வசவு வைதுவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். லினக்ஸ் வைத்திருப்பவருக்கு அந்த ஆறுதல் கிடையாது. அதை நிறுவியவர் அவரே. 'இருந்தது நன்றாகத்தானே இருந்தது' என்ற வீட்டாரின் ஆட்சேபத்தை மீறி நிறுவியவரும் அவரே. எனவே குற்றவாளியைக் கண்டுபிடித்தே தீரவேண்டிய நெருக்கடி அவருக்கு. தவிர, லினக்ஸ் கெர்னல் ஒரு கிராமக் கணக்குப்பிள்ளை. கண்ணில் பட்டதையெல்லாம் நுண்ணிய காலக்குறிப்போடு எழுதி வைக்கிறது. டெர்மினலில் 'டிமெசேஜ்' என்ற கட்டளையை அடித்தால் மொத்தப் பதிவேடும் மேலே ஓடும். அதைப் படிப்பவர் குறைவு என்பது கெர்னலின் குற்றமன்று.

இவ்வாய்வின் கருதுகோள் வருமாறு: மாயக் கோளாறு பிறக்கும் இடம் வேறு, அது அழும் இடம் வேறு. எய்தவன் இருக்க அம்பை நோகிறோம் என்பது பழமொழிக்குத் தெரிந்திருக்கிறது. கணினித் துறை இன்னும் அதைப் பாடத்திட்டத்தில் சேர்க்கவில்லை.

முதன்மைச் சான்று 1990களுக்கு உரியது. அன்று லினக்ஸ் வைத்திருந்தவர்கள் கெர்னலைத் தாங்களே கம்பைல் செய்துகொண்டார்கள். மணிக்கணக்கில் ஓடும் வேலை. பாதி வழியில் ஜிசிசி கம்பைலர் 'சிக்னல் 11' என்று ஒரு வரி எழுதிவிட்டுச் சாகும். பயனாளர் கம்பைலரைத் திட்டுவார், வேறு பதிப்பை இறக்கிப் போடுவார், அதுவும் சாகும். இந்தப் புகார் பெருகியபோது நெதர்லாந்தைச் சேர்ந்த ரோஜியர் வோல்ஃப் இதற்கென்றே ஒரு கேள்வி-பதில் தொகுப்பு எழுத வேண்டியதாயிற்று. அதன் சாரம்: கம்பைலர் பெரும்பாலும் நிரபராதி, ரேமைப் பாருங்கள்.

கம்பைலர் ஏன் முதலில் அழுகிறது? அது ரேம் நிறைய முகவரிகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒன்றைப் பிடித்து இன்னொன்றுக்குத் தாவும் நிரல். அந்த முகவரிகளில் ஒன்றில் ஒரே ஒரு பிட் புரண்டால் போதும், இல்லாத வீட்டின் கதவைப் போய்த் தட்டும். அத்துமீறி நுழைபவருக்குக் கெர்னல் அனுப்பும் ஓலையின் எண்தான் 11. அதே பிட் ஒரு திரைப்படம் ஓடும்போது புரண்டிருந்தால் கதாநாயகனின் சட்டையில் ஒரு புள்ளி கணநேரம் நிறம் மாறியிருக்கும்; கதாநாயகனே கவனித்திருக்க மாட்டார். ஆக, ரேமின் பாவம் கம்பைலரின் தலையில் விடிகிறது.

இத்தகைய வழக்குகளுக்கான விசாரணை முறை அழகானது. மறுபடி ஓட்டிப் பார்ப்பது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் அதே வரியில் செத்தால் மென்பொருள் பிழை. இம்முறை இங்கே, அடுத்த முறை அங்கே, ஒருமுறை சாகாமலே முடிந்தது என்றால் வன்பொருள் பிழை. மென்பொருளின் முட்டாள்தனத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. வன்பொருளுக்கு அந்த ஒழுங்கு இல்லை. ஐயம் தீராதவர்கள் 1994இல் கிறிஸ் பிராடி எழுதத் தொடங்கிய மெம்டெஸ்ட்86 என்ற சோதனை நிரலையோ, அதிலிருந்து பிறந்து 2004இல் வெளிவந்த 'பிளஸ்' வடிவத்தையோ இரவு முழுக்க ஓட்டிவிட்டுப் படுக்கலாம். காலையில் ஒரே ஒரு சிவப்பு வரி தெரிந்தாலும் பெரும்பாலும் ரேம்தான் குற்றவாளி. சிவப்பே இல்லையென்றால் ரேம் உத்தமன் என்று பொருளில்லை. மெம்டெஸ்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது, ஹார்டு டிஸ்க் சும்மா இருக்கிறது, எஸ்எம்பிஎஸ் மீது பாரமில்லை. ஆளில்லாத சாலையில் ஓட்டிக் காட்டி உரிமம் வாங்கியதாகத்தான் இதைக் கொள்ளவேண்டும்.

வரலாறு திரும்பியது. 2017இல் ஏஎம்டியின் முதல் ரைசன் செயலிகள் வந்தபோது, லினக்ஸில் பெரிய கம்பைல் வேலைகளை ஒரே நேரத்தில் பல இழைகளில் ஓட்டியவர்களுக்கு அதே பழைய சாவு. இம்முறை பலரும் முன்னோர் வாக்கின்படி ரேமைப் பிடித்து உலுக்கினார்கள். ரேம் நிரபராதி. கோளாறு செயலியிலேயே இருந்தது. ஏஎம்டி அவ்வாண்டு ஆகஸ்டில் அதை ஒப்புக்கொண்டு பாதிக்கப்பட்டவர்களுக்குச் செயலியை மாற்றிக் கொடுத்தது. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பார்கள். ரேமுக்கு எல்லாப் பக்கமும்.

இவ்விடத்தில் விண்கதிர்வாதிகளின் தரப்பையும் கேட்டுவிடுவது முறை. பிட் ஏன் புரண்டது என்று கேட்டால் இவர்கள் வானத்தைக் காட்டுவார்கள். அவர்களிடம் ஒரு சான்று உண்டு. 2003 மே மாதம் பெல்ஜியத்தில் ஸ்கார்பேக் என்ற ஊரில் மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்குச் சாத்தியமே இல்லாத அளவில் 4096 வாக்குகள் கூடுதலாக விழுந்திருந்தன. 4096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. அதற்குரிய இடத்தில் ஒரே ஒரு பிட் புரண்டால் சரியாக இத்தனைதான் கூடும். மென்பொருளில் பிழை தேடிக் கிடைக்காததால், விண்கதிர் என்ற ஊகம் அன்றுமுதல் நிலைத்துவிட்டது. வானத்துக்குப் போகாமலேகூட இது நடக்கும்: சில்லுகளைப் பொதிந்த பொருளில் கலந்திருந்த யுரேனியம், தோரியத்தின் ஆல்பா துகள்கள் பிட்டுகளைப் புரட்டுவதை இன்டெலின் மே, வுட்ஸ் ஆகிய இருவர் 1970களின் இறுதியிலேயே காட்டியிருக்கிறார்கள்.

ஆயினும் கூகுளின் சர்வர்களை இரண்டரை ஆண்டுகள் கவனித்து 2009இல் வெளியான ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஓர் ஆண்டில் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்ட ரேம் பட்டைகளில் பிழை தென்பட்டது. பிழைகளில் பெரும்பங்கு வானத்திலிருந்து வந்ததல்ல, பட்டையே பழுதானதால் வந்தது. ஒருமுறை பிழை காட்டிய பட்டையே மறுபடி மறுபடி பிழை காட்டியது. சர்வர்களில் பிழையைக் கண்டு திருத்தும் வகை ரேம் இருப்பதால் அங்கே கணக்கு கிடைத்தது. வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் அந்த வகை இல்லாததால் அங்கே பிழை கணக்கில் வராமல் கோப்பில் போய் உட்காருகிறது. இக்கட்டுரையின் நிலைப்பாடு: சூரியனையும் நட்சத்திரங்களையும் குற்றம் சொல்வது கௌரவமானது, செலவில்லாதது, அநேகமாகத் தவறானது.

இனி, துறையில் உரிய மரியாதை பெறாத ஒரு பொருளுக்கு வருவோம். சாட்டா கேபிள்.

மதர்போர்டிலிருந்து ஹார்டு டிஸ்குக்குப் போகும் அந்தப் பட்டையான கேபிள், பெரும்பாலும் சிவப்பு, கேபினட்டின் இரும்புச் சட்டத்துக்கும் டிஸ்கின் தலைக்கும் இடையே செங்குத்தாக மடிந்து, பக்கவாட்டுக் கதவால் அமுக்கப்பட்டு வாழ்கிறது. விலை மலிந்ததாக இருந்தால் பிடித்து நிறுத்தும் உலோக நாக்குகூட இராது. டிஸ்க் சுழலும் அதிர்வில் முனை மயிரிழை நகர்கிறது. இப்போது கெர்னலின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். முதலில், படிக்கச் சொன்ன கட்டளை தோற்றது என்று ஒரு வரி. அடுத்து, இணைப்பை அடித்து மறுபடி தொடங்குகிறேன் என்று ஒரு வரி. இது சில தடவை நடந்ததும் கெர்னல் தானாகவே வேகத்தைக் குறைக்கிறது. நொடிக்கு 6 கிகாபிட் என்பது 3 ஆகி, 3 என்பது 1.5 ஆகிறது. மேடு பள்ளம் கண்ட பஸ் டிரைவரின் நிதானம் அதற்கு. அதுவும் போதாதபோது கோப்பு முறைமை மேலும் சேதப்படாதிருக்க எழுதுவதை நிறுத்தி, படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலைக்குப் போய்விடுகிறது.

இத்தனையும் பயனாளருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் லிப்ரே ஆபிஸ் கடிதத்தைச் சேமிக்க மறுக்கிறது என்பதே. லிப்ரே ஆபிஸை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார். நிறுவவும் முடியவில்லை. நேற்று வந்த அப்டேட்டைச் சபிக்கிறார். புதிய டிஸ்க் வாங்குகிறார். அதை அதே கேபிளில் மாட்டுகிறார்.

டிஸ்குகள் தம் உடல்நலக் குறிப்பைத் தாமே வைத்திருக்கின்றன. ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளை அதைக் காட்டும். அதில் 199ஆம் எண் வரி, கேபிள் வழியே வரும்போது சிதைந்த தரவின் எண்ணிக்கை. இந்த எண் குறையவே குறையாது. எனவே அதன் அளவைப் பார்த்துப் பயப்படாமல், இன்றைக்கும் நாளைக்கும் நடுவே ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். 5ஆம் எண்ணும் 197ஆம் எண்ணும் ஏறினால் டிஸ்கின் தட்டிலேயே நோய். 199 மட்டும் ஏறினால் குற்றவாளி நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் கிடைக்கும் கேபிள். நலக்குறிப்பு சுத்தமாக இருப்பதும் ஆயுள் உத்தரவாதம் அல்ல. கூகுளின் 2007ஆம் ஆண்டு ஆய்வில், செத்துப்போன டிஸ்குகளில் 36 சதவீதத்துக்கு மேல் எந்த முன்னறிவிப்பையும் காட்டாமலே போயிருந்தன.

அண்டை வீட்டாரால் வரும் கோளாறுகள் அடுத்த இயல். ஒரு யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்கைச் செருகியதும் வயர்லெஸ் மவுஸ் திக்குகிறது, வைஃபை மந்தமாகிறது. பயனாளர் மவுஸின் பேட்டரியை மாற்றுகிறார். வைஃபை டிரைவரை மாற்றுகிறார். யுஎஸ்பி 3.0இன் அதிவேகத் தரவோட்டம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உமிழ்கிறது என்பதையும், மவுஸும் வைஃபையும் குடியிருப்பது அதே தெருவில்தான் என்பதையும் இன்டெலே 2012இல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. பரிகாரம்: மவுஸின் குட்டி ரிசீவரை ஒரு நீட்டிப்பு ஒயரில் மாட்டித் தள்ளி வைப்பது. டிரைவருக்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது.

இன்னும் விபரீதமானது நாற்காலி. வாயு உருளையால் ஏறி இறங்கும் அலுவலக நாற்காலியில் ஒருவர் உட்காரும்போதோ எழும்போதோ அதன் உலோக உறுப்புகளுக்கிடையே நிலைமின்னூட்டம் வெடித்துப் பாயலாம். அந்த மின்காந்த உதறலை மானிட்டர் கேபிள் ஆன்டெனாவாக வாங்கிக்கொள்ளும். திரை ஓரிரு நொடி இருண்டு திரும்பும். 1990களிலேயே ஆராயப்பட்ட நிகழ்வு இது. டிஸ்ப்ளேலிங்க் நிறுவனம் தன் உதவிக்குறிப்பிலேயே நாற்காலியைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கிராபிக்ஸ் டிரைவரை வாரக்கணக்கில் மாற்றிப் பார்த்த ஒருவர், தான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் திரை இருண்டதை எப்படிக் கவனிப்பார்? முதுகு அல்லவா திரையைப் பார்த்திருக்கும்!

ஒலியும் விலக்கல்ல. 2022இல் மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் சொன்ன பழங்கதைப்படி, ஜேனட் ஜாக்சனின் 'ரிதம் நேஷன்' பாடலில் இருந்த ஓர் அதிர்வெண், சில மடிக்கணினிகளின் 5400 சுற்று ஹார்டு டிஸ்குகளின் இயல்பு அதிர்வோடு ஒத்துப்போய் அவற்றைச் சாய்த்திருக்கிறது. பாடாத மடிக்கணினியும் பக்கத்தில் இருந்த பாவத்துக்குச் சாய்ந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிரெண்டன் கிரெக் 2008இல் டிஸ்க் அடுக்கின் முன்னே நின்று கத்தி, கத்தலுக்கேற்ப வேகம் குறைவதை வரைபடமாகவே காட்டினார். கணினியைத் திட்டினால் அதற்குக் காது கேட்காது என்ற பரவலான நம்பிக்கை இதனால் மறுக்கப்படுகிறது.

காசு வடிவப் பேட்டரி பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் சிஆர்2032 தீர்ந்தால் கணினி தேதியை மறக்கிறது. அதன் அழுகை பிரவுசரில் கேட்கும்: வங்கித் தளம் பாதுகாப்பற்றது, சான்றிதழ் செல்லாது. கோப்பு முறைமைச் சோதனையோ, இந்த டிஸ்க் கடைசியாக எதிர்காலத்தில் பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்று திகைக்கிறது.

சும்மா இருக்கும்போது மட்டும் உறையும் கணினி தனி இனம். வேலை கொடுத்தால் நாள் முழுக்க உழைக்கும்; விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் மூர்ச்சையாகிவிடும். இன்டெலின் பே டிரெயில் வகைச் செயலிகள் லினக்ஸில் இப்படிப் பெயர் கெட்டவை. சும்மா இருக்கும் செயலி மின்சாரத்தை மிச்சம்பிடிக்கப் படிப்படியாக ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும். அந்தப் படிகளில் ஏதோ ஒன்றில் இறங்கிய பின் இவை ஏறி வரவில்லை. ஆழமாகத் தூங்காதே என்று கெர்னலுக்கு ஒரு வரி கட்டளை கொடுப்பதே அன்றைய வைத்தியம். தொடக்ககால ரைசன்களிலும் இதையொத்த புகார் எழுந்தபோது, செயலி உறங்கும்போது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவாகிச் சில எஸ்எம்பிஎஸ்களுக்குப் பிடிபடாமல் போவதாகக் கருதப்பட்டு, பயாஸில் அதற்கென்று ஒரு விருப்பத்தேர்வே சேர்க்கப்பட்டது. சும்மா இருப்பது சும்மாவா என்று பெரியவர்கள் கேட்டது சிலிக்கனுக்கும் பொருந்துகிறது.

பதிவேட்டின் நடையழகைச் சொல்லாமல் விடுவது இலக்கியத் துரோகம். காரணம் தெரியாத அவசரக் குறுக்கீடு ஒன்று செயலிக்கு வந்தால், கெர்னல் 'திகைத்துக் குழம்பியிருக்கிறேன், ஆனாலும் தொடர முயல்கிறேன்' என்று எழுதுகிறது. அதற்கு முன்பெல்லாம் 'விசித்திரமான மின்சேமிப்பு முறை ஏதும் வைத்திருக்கிறீர்களா?' என்று பயனாளரையே விசாரித்ததும் உண்டு. பிரிண்டரிடமிருந்து விளங்காத பிழைக்குறி வந்தால் 'பிரிண்டர் தீப்பற்றி எரிகிறது' என்ற வரி. செயலியே தன் பிழையை அறிவிக்கும் இயந்திரச் சோதனைக் குறிப்புகளிலோ 'இது மென்பொருள் பிரச்சினை அல்ல!' என்று ஆச்சரியக்குறியோடு ஒரு காலத்தில் எழுதியிருந்தது. அந்த ஆச்சரியக்குறிக்குப் பின்னால், செய்யாத குற்றத்துக்குப் பல்லாண்டு வசவு வாங்கிய நிரலாளர் ஒருவரின் மனக்குமுறல் இருப்பதாக இவ்வாய்வு கருதுகிறது.

இங்கே ஒரு தடை எழும். பழி எப்போதும் மென்பொருள் மேலேயே தவறாக விழுகிறதா, மறுதலையாக நடப்பதில்லையா எனின், நடக்கும். உபுண்டு லினக்ஸில் 2009ஐ ஒட்டி ஒருவரின் மனைவி வைத்த புகார்: செவ்வாய்க்கிழமைகளில் பிரிண்டர் ஓடுவதில்லை. கணவர் சிரித்தார், பிறகு சோதித்தார், உண்மை. ஓப்பன் ஆபிஸ் அச்சுக்கு அனுப்பிய கோப்பின் தலைப்பில் உருவான நாள் இருந்தது. கோப்பின் வகையைக் கண்டறியும் ஒரு சிறு நிரல், செவ்வாயின் ஆங்கிலச் சுருக்கத்தை அங்கே கண்டதும், இது எர்லாங் மொழியின் பழைய கோப்பு என்று முடிவுகட்டியது. அந்த வகைக்கு அச்சிடும் வழியே இல்லாததால் பிரிண்டர் வாயே திறக்கவில்லை. செவ்வாய் தோஷம் என்று யாரேனும் சொல்லியிருந்தால் அது அறிவியல்பூர்வமாகச் சரி. வன்பொருளை யாரும் கழற்றாமலே தீர்ந்த வழக்கு இது.

எஞ்சியிருப்பது இத்துறையின் மூலக்கேள்வி. கடையில் கொண்டுபோய் வைத்தால் கோளாறு ஏன் வருவதில்லை?

ஒரு பகுதி விடை பழுதுபார்ப்பவரின் கையில் உள்ளது. அவர் முதல் வேலையாக ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி மாட்டுகிறார். பொன்முலாம் மெல்லியது, ரப்பர் அதைத் தேய்த்துவிடும் என்று தூய்மைவாதிகள் ஆட்சேபிப்பார்கள். ஆனால் கழற்றி மாட்டும் உராய்விலேயே அழுக்குப் படலம் விலகிவிடுவதால் கணினி எழுந்துகொள்கிறது. இம்மரபு தொன்மையானது. 1980இல் வந்த ஆப்பிள் III கணினியில் சில்லுகள் சூட்டில் தளர்ந்து மேலெழும்பியபோது, கணினியைச் சில அங்குலம் தூக்கித் தொப்பென்று போடுமாறு அந்நிறுவனமே சொன்னது. முறை பலன் தரும். ஆனால் சாட்சியத்தைக் கலைத்துவிடும். தளர்ந்திருந்தது ரேமா, பக்கத்துக் கேபிளா என்பது பிறகு யாருக்கும் தெரியாது. சாட்டா இணைப்பிகள் ஏறத்தாழ 50 முறை செருகிக் கழற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை என்பதால், இந்த வைத்தியத்துக்கு ஆயுளும் அளவானது.

பெரும்பகுதி விடை வேறிடத்தில் இருக்கிறது. பழுதுபார்க்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர் 'சிபியு' என்று அழைக்கப்படும் பெட்டியை மட்டும் எடுத்துப் போகிறார். வீட்டு பிளக் பாயிண்ட் வீட்டிலேயே இருக்கிறது. அந்த பிளக்கில் எர்த் ஒயர் பேருக்கு மட்டும் இருந்தால், எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவில் உள்ள இரண்டு சிறு மின்தேக்கிகள் 230 வோல்ட்டைப் பாதியாகப் பகிர்ந்து கேபினட்டின் மேல் சுமார் 115 வோல்ட்டை மிதக்கவிடும். மின்னோட்டம் மிகச் சொற்பம் என்பதால் வெறுங்காலோடு தொட்டால் 'சுருக்' என்று மட்டும் இருக்கும். ஸ்பீக்கர் இரைவதும், யுஎஸ்பி கருவிகள் விட்டு விட்டுத் துண்டிக்கப்படுவதும் இதனால் நிகழக்கூடும். கடையில் எர்த் சரியாக இருந்தால் அங்கே கோளாறுக்குப் பிறப்பே இல்லை. அதுபோல, தளர்ந்த ஜங்ஷன் பாக்ஸ் வீட்டில். இரைச்சல் உமிழும் யுஎஸ்பி டிஸ்க் வீட்டில். மானிட்டரும் அதன் கேபிளும் வீட்டில். கோடையில் பெட்டியின் மூச்சை அடைக்கும் மேசை அறை வீட்டில். குற்றம் நடந்த இடத்தை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவரை மட்டும் கூண்டில் ஏற்றி விசாரித்தால் அவர் என்னதான் சொல்வார்?

ஆகவே இவ்வாய்வு முன்வைக்கும் நெறிமுறை: கடைக்குப் போகும்போது அதே பவர் ஒயர், அதே ஜங்ஷன் பாக்ஸ், அதே மானிட்டர் கேபிள், செருகியிருந்த எல்லா யுஎஸ்பி கருவிகள், பதிவேட்டின் நகல் ஆகியவற்றையும் உடன் கொண்டுசெல்க. திரை இருளும் வழக்காயின் நாற்காலியையும். இதற்கு ஷேர் ஆட்டோ ஒத்துவராது. தனி ஆட்டோதான், அதுவும் நாற்காலிக்குத் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டியிருக்கும்.